விலகி நின்றாலும் கைவிடாதிருப்போம்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர் வண்டியில் குரோம்பேட்டையைக் கடந்ததும் ஒரு சிறு நிலையம் வருகிறது. 'தாம்பரம் சானடோரியம்' என்பது அதன் பெயர். அருகிலுள்ள ஏற்றுமதித் தொழில் வளாகத்தில் வேலை செய்யும் ஆண்களும் பெண்களும் காலையிலும் மாலையிலும் அங்கே கூட்டங்கூட்டமாக ஏறி இறங்குகிறார்கள். "சானடோரியத்தில் இறங்கிக் கொள்ளுங்கள்" என்று நாமும் உறவினருக்கு வழி சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல்லின் பொருளை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நுரையீரல் நோயாளிகள் ஊரை விட்டு விலகியிருந்து, நல்ல காற்றும் ஓய்வும் உணவும் பெற்று உடல் தேறும் இல்லத்துக்கே சானடோரியம் என்று பெயர். ஊர் அஞ்சி ஒதுக்கிய மக்களுக்காக எழுந்த இல்லத்தின் பெயர், இன்று ஓர் ஊரின் பெயராகவே நிலைத்துவிட்டது.

தொற்றுநோய் மனிதருக்கு இரண்டு கட்டளைகளை ஒரே நேரத்தில் இடுகிறது. 'விலகி நில்' என்பது ஒன்று. அதை மீறினால் நோய் பரவும். 'கைவிடாதே' என்பது மற்றொன்று. அதை மீறினால் நோயாளி இறப்பான், நம்முள் இருக்கும் மனிதனும் இறப்பான். இந்த இரண்டையும் ஒருங்கே கைக்கொள்வது எளிதன்று. ஒரு சமுதாயம் இச்சோதனையில் எவ்வாறு நடந்துகொண்டது என்பதைப் பொறுத்தே அதன் பிற்கால வரலாறு அமைகிறது. இதை உலகுக்குக் கொடிய முறையில் கற்பித்தது 1918-ஆம் ஆண்டின் இன்புளுயன்சாக் காய்ச்சல். நம் முன்னோர் பலர் அதனை வெறும் 'விஷக்காய்ச்சல்' என்றே அழைத்தனர்.

பம்பாயில் இறங்கிய நோய்

முதல் உலகப் போரின் கடைசி ஆண்டு அது. போர்முனையிலிருந்து வீரர்களை ஏற்றிக் கப்பல்கள் நாடு நாடாகச் சென்றுகொண்டிருந்தன. 1918 ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் காவல் புரிந்த போலீசார் சிலர் காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்ந்தனர். முதல் அலை பெரும் சேதமின்றித் தணிந்தது. செப்டம்பரில் திரும்பி வந்த இரண்டாம் அலையோ இடியென இறங்கியது. பம்பாய் நகரில் மட்டும் அக்டோபர் 6 அன்று ஒரே நாளில் 768 பேர் இறந்தனர். அங்கிருந்து புகைவண்டிப் பாதைகள் வழியே நோய் நாடெங்கும் பரவிச் சென்னை மாகாணத்தையும் அடைந்தது.

அந்நாளில் தாம்பரம் ஒரு கிராமம். பரங்கிமலையும் பல்லாவரமும் படைவீடுகள் அமைந்த இடங்கள். தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் பாதை இவ்வூர்களின் ஊடே தெற்கு நோக்கிச் சென்றது. போரும் வாணிகமும் பயணமும் சென்ற அதே பாதையில்தான் நாட்டின் பல பகுதிகளுக்கும் நோய் சென்றது.

அவ்வாண்டு பருவமழையும் பொய்த்தது. போரினால் கப்பல் வசதி குறைந்து, பர்மா அரிசியின் வரவும் சுருங்கியது. விலை தாளாமல் 1918 செப்டம்பரில் சென்னை நகரில் மக்கள் தானியக் கடைகளைச் சூறையாடினர். பசித்திருந்த உடல்களின்மீதுதான் நோய் வந்து விழுந்தது. சென்னை மாகாணத்தின் இறப்பு விகிதம் பம்பாய் மாகாணத்தைவிடக் குறைவே. எனினும் இங்கும் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். இந்தியா முழுவதிலும் இறந்தோர் தொகை 1 கோடியே 20 இலட்சம் முதல் 2 கோடி வரை இருக்கலாம் என ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அவ்வாண்டின் இறுதி மாதங்களில் இறந்தவர்கள். உலகில் எந்த நாடும் இத்துணை உயிர்களை இழக்கவில்லை.

இன்றைய இந்திய எல்லைக்குள் அடங்கும் பகுதிகளில் 1911-ஆம் ஆண்டு மக்கள் தொகை சுமார் 25 கோடியே 21 இலட்சம். 1921-இல் அது சுமார் 25 கோடியே 13 இலட்சமாகக் குறைந்தது. 1872 முதல் இன்றுவரை எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளில், பத்தாண்டுக் காலத்தில் மக்கள் தொகை குறைந்தது அந்த ஒரு முறைதான்.

மாண்டவர் யார்?

சாதாரணக் காய்ச்சல் குழந்தைகளையும் முதியோரையும் கொண்டுபோகும். இக்காய்ச்சலோ 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்டவர்களையே மிகுதியாகப் பறித்தது. வீட்டுக்குச் சோறு கொண்டுவருவோரும் சோறு ஆக்குவோரும் ஒருங்கே வீழ்ந்தனர். இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக இறந்தார்கள். வீட்டில் படுத்தவர் அனைவருக்கும் பணிவிடை செய்தவள் தாய். கடைசியில் எஞ்சியதை உண்டவளும் அவளே. அவள் படுத்தபோது அவளுக்கு ஒரு குவளை நீர் தர ஆளில்லாத வீடுகள் பல.

நோய்க்கு மருந்தில்லை. நோயை உண்டாக்குவது எது என்பதே தெரியாது. அதன் வைரசை ஆங்கிலேய அறிவியலார் மனிதரிடமிருந்து பிரித்தறிந்தது 1933-இல்தான். ஆகவே 1918-இல் ஒருவர் பிழைப்பதும் பிழையாததும் பெரும்பாலும் கஞ்சியையும் வெந்நீரையும், படுத்திருக்க ஓர் இடத்தையும், அருகில் ஒரு மனிதரையும் பொறுத்திருந்தது. பம்பாய் நகரக் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே ஐரோப்பியருள் ஆயிரத்துக்கு 8 பேர் இறந்தனர். ஒடுக்கப்பட்ட சாதியினருள் ஆயிரத்துக்கு 61 பேர் இறந்தனர். நோய் ஒன்றுதான். காற்று நுழையாத குடிசையும், காலியான பானையும், எட்டிப் பார்க்காத ஊரும் சேர்ந்தே இந்த வேறுபாட்டை உண்டாக்கின.

பாத்திமா அன்னையின் காட்சி கண்ட குழந்தைகளையும் இந்நோய் விட்டுவைக்கவில்லை. பிரான்சிஸ் 1919 ஏப்ரல் 4 அன்று தன் இல்லத்தில் உயிர்நீத்தான். அவன் தங்கை ஜசிந்தா நோயின் பின்விளைவால் நெடுநாள் துன்புற்று, 1920 பிப்ரவரி 20 அன்று லிஸ்பன் நகர மருத்துவமனையில் இறந்தாள். அப்போது அவளுக்கு வயது 9. பெற்றோரும் உற்றாரும் அருகில் இல்லை. இவ்விருவரையும் 2017 மே 13 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர்களாக அறிவித்தார். நோயாளிக்கு நோயைவிடக் கொடியது தனிமை என்பதை அச்சிறுமியின் இறுதி இரவு நமக்கு உணர்த்துகிறது.

ஆரோக்கியநாதரின் பெயரால்

இத்தகைய வேளையில் திருச்சபையின் மக்கள் என்ன செய்தனர்? மறைக்காமல் சொல்லவேண்டிய ஒரு நிகழ்ச்சி உண்டு. ஸ்பெயின் நாட்டுச் சமோரா நகரில் நோய் மூண்டபோது, மக்கள் கூட்டம் சேரலாகாது என்று சுகாதார அதிகாரிகள் எச்சரித்தனர். அவ்வூர் ஆயர் அதற்கு இணங்கவில்லை. கொள்ளைநோயில் காக்கும் புனித ரோக்குவுக்கு, அதாவது நம் மக்கள் வணங்கும் ஆரோக்கியநாதருக்கு, 9 நாள் மாலை வழிபாட்டை அறிவித்தார். மக்கள் கோவிலில் நெருங்கி நின்றனர். வரிசையில் வந்து புனிதப் பொருள்களை முத்தி செய்தனர். ஸ்பெயின் நகரங்களுள் மிக அதிகமான இறப்பு விகிதம் கண்டவற்றுள் சமோராவும் ஒன்றாயிற்று. மேய்ப்பரின் பக்தியில் ஐயமில்லை. ஆயினும் 'விலகி நில்' என்ற கட்டளை அங்கே மறக்கப்பட்டது.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வேறொரு காட்சி. 1918 செப்டம்பர் 28 அன்று போர்க் கடன் பத்திரங்களுக்காக அங்கே பெரும் ஊர்வலம் நடந்தது. அடுத்த சில நாட்களில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. பிணங்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. அப்போது மறைமாவட்டம் தன் கன்னியரை வீதிக்கு அனுப்பியது. பள்ளிகளில் பாடம் சொல்லித் தந்த அருட்சகோதரிகள், செவிலியர் பயிற்சி ஏதும் இல்லாத நிலையிலும், முகக்கவசம் அணிந்து ஏழைகளின் வீடுகளில் நுழைந்தனர். நோயாளிகளைக் குளிப்பாட்டினர்; கஞ்சி ஊட்டினர்; அநாதையான குழந்தைகளை ஏந்திக்கொண்டனர். அவர்களுள் பலர் நோயுற்று இறந்தனர். குருமடத்து மாணவர்கள் மண்வெட்டி பிடித்துக் கல்லறைக் குழிகளைத் தோண்டினர். அதே நாட்களில் அந்நகரின் கோவில் கதவுகள் அடைபட்டிருந்தன. ஆனால் இறைமக்களின் கரங்கள் திறந்திருந்தன.

ஆரோக்கியநாதரின் வரலாற்றையே எண்ணிப் பாருங்கள். கொள்ளைநோயாளிகளுக்குப் பணிபுரிந்த அவரையும் அந்நோய் பற்றியது. தம்மால் பிறருக்குத் தீங்கு நேராதிருக்க அவர் காட்டுக்குள் ஒதுங்கினார். அங்கே ஒரு நாய் அன்றாடம் அப்பம் கொண்டுவந்து அவரைக் காத்தது என்பது மரபு. அவருடைய சுரூபத்தின் காலடியில் வாயில் அப்பத்துடன் நிற்கும் நாயைக் கண்டிருப்பீர்கள். விலகி நின்ற புனிதர், கைவிடாத நாய்: இரு கட்டளைகளும் ஒரே சுரூபத்தில் இருக்கின்றன!

பேரழிவுக்குப் பின்

நோய் தணிந்ததும் உலகம் தன் வீட்டை ஒழுங்குபடுத்தத் தொடங்கியது. அதுவரை ஒருவரின் உடல்நலம் அவரவர் பொறுப்பு என்று கருதிய அரசுகள், பணக்காரர் மாளிகையும் ஏழையின் குடிசையும் ஒரே காற்றையே மூச்சுவிடுகின்றன என்பதை உணர்ந்தன. 1919-இல் பிரிட்டனில் சுகாதார அமைச்சகமும், கனடாவில் சுகாதாரத் துறையும் பிறந்தன. தென்னாப்பிரிக்கா பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. போருக்குப் பின் தோன்றிய சர்வதேச சங்கமும் ஒரு சுகாதார அமைப்பை ஏற்படுத்தியது. 1948-இல் உருவான உலகச் சுகாதார நிறுவனத்துக்கு அது முன்னோடி.

இந்தியாவில் அதிகாரிகளும் மருத்துவர்களும் போதாத இடங்களில் தொண்டர் சங்கங்களே மருந்தும் பாலும் கஞ்சியும் கொண்டு சென்றன. நமக்கு நாமே துணை என்ற எண்ணம் மக்களிடையே வலுப்பெற அதுவும் ஒரு காரணம். 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி சுகாதாரம், மாகாணத்தின் இந்திய அமைச்சர்கள் கைக்கு வந்தது. சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரத் துறை 1922-இல் அமைந்தது. 1939-இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. குடிநீர், கழிவு நீர், தொற்றுநோய்த் தடுப்பு ஆகிய அனைத்தையும் ஒரே சட்டத்தில் தொகுத்துத் தந்ததில் இந்திய மாகாணங்களுக்கு அது முன்னோடியாகும். இன்று ஊர்தோறும் தடுப்பூசி போடும் சுகாதாரச் செவிலியர்களின் பணிக்கு அக்காலத்தில்தான் அடித்தளம் இடப்பட்டது.

திருச்சபையிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. துறவியர் மருத்துவத் தொழில் புரிவதற்கு அக்காலத் திருச்சபைச் சட்டம் இடம் தரவில்லை. ஆஸ்திரேலியாவில் மருத்துவம் பயின்ற மேரி குளோரி என்னும் பெண்மணி, 1920-இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூருக்கு வந்து, இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். துறவியாக இருந்துகொண்டே மருத்துவராகப் பணிபுரியத் திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் அவருக்குத் தனி அனுமதி அளித்தார். திருச்சட்டத்தின் தடை பிறருக்கும் தளர்ந்தது 1936-இல்தான். அச்சகோதரியே 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தை நிறுவினார். இன்று இந்திய நாட்டின் மூலை முடுக்குகளில் கன்னியர் நடத்தும் சிறு மருந்தகங்கள் பலவும் அச்சங்கத்தின் உறுப்புகளே.

இந்த அடித்தளத்தின் பயனை 1957-இல் நாடு கண்டது. அவ்வாண்டு மே மாதம் 'ஆசியக் காய்ச்சல்' சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியே சென்னைத் துறைமுகத்தில்தான் முதலில் நுழைந்தது. குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த இன்புளுயன்சா ஆய்வு மையம் நோயை ஆராய்ந்தது. நாடெங்கும் சுமார் 44 இலட்சம் பேர் நோயுற்றதாகவும், சுமார் 1,100 பேர் இறந்ததாகவும் பதிவாயிற்று. இக்கிருமி 1918-ஆம் ஆண்டுக் கிருமியைப்போல் கொடியதன்று. எனினும் இம்முறை கண் விழித்திருக்க ஓர் அமைப்பாவது இருந்தது.

காட்டில் எழுந்த இல்லம்

இனி நம் தாம்பரத்துக்குத் திரும்புவோம். இங்கே எழுந்த சானடோரியம் இன்புளுயன்சாவுக்காக அமைந்ததன்று. மூச்சின் வழியே பரவும் மற்றொரு கொடுநோயாகிய காசநோய்க்காக அமைந்தது. இந்தியக் கிறிஸ்தவரான மருத்துவர் சவுரிமுத்து, இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் நடத்தியவர். கணித மேதை இராமானுஜன் அங்கே நோயுற்றபோது அவருக்குச் சிகிச்சை அளித்தவரும் இவரே. 1928-இல் தாம்பரத்தை அடுத்த காட்டு நிலத்தில் அவர் தம் இல்லத்தைத் தொடங்கினார். சென்னைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கியது 1931-இல்தான். ஆகையால் அவ்விடம் அந்நாளில் ஊருக்கு வெகு தொலைவு. 1937-இல் அரசு அதனை ஏற்றது. கிறிஸ்தவக் கல்லூரி நகரத்திலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்ததும் அதே ஆண்டில்தான். பின்னர்க் குடியிருப்புகள் பெருகின. ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட நோயாளிகளைச் சுற்றியே ஊர் வளர்ந்தது.

இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அந்நோயாளிகளைத் தொடவே பலர் அஞ்சிய நாட்களில், 1993 முதல் சானடோரியம் மருத்துவமனை அவர்களுக்குக் கதவு திறந்தது. பெற்ற வீடு மூடிய கதவை இந்த மருத்துவமனை திறந்ததால் உயிர் பிழைத்தவர் எண்ணற்றோர்.

மீண்டும் ஒரு சோதனை

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் கதவை அடைத்துக்கொண்டது. மின்தொடர் வண்டிகள் நின்றன. தாம்பரம் நிலையம் வெறிச்சோடியது. புனித வாரத்தில் கோவில்கள் பூட்டிக் கிடந்தன. மார்ச் 27 அன்று மழை பெய்யும் மாலையில், ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நின்று உலகத்துக்காக மன்றாடியதைத் தொலைக்காட்சியில் கண்டு கலங்கினோம். அவ்வாண்டு ஆரோக்கிய அன்னையின் பெருவிழாவும் வேளாங்கண்ணியில் யாத்திரிகர் கூட்டமின்றியே நடந்தது. சமோராவின் பிழை மீண்டும் நேரவில்லை. 'விலகி நில்' என்ற பாடத்தைத் திருச்சபை கற்றுக்கொண்டிருந்தது.

மற்றப் பாடத்தைக் கற்றோமா? 2020 ஏப்ரலில், கொரோனாவுக்குப் பலியான மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் தடுத்தது. உடலை ஏற்றிச் சென்ற ஊர்தியைக் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. உடன் பணிபுரிந்த மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தம் கையாலேயே மண்ணைத் தள்ளி நண்பரை அடக்கம் செய்தார். சில நாட்களுக்குள் தமிழக அரசு அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்து, இத்தகைய அடக்கத்தைத் தடுப்போருக்கு 3 ஆண்டு வரை சிறை என்று அறிவித்தது. இறந்தவரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று ஞானோபதேசத்தில் நாம் கற்றிருக்கிறோம். அதைச் செய்விக்கச் சட்டம் வேண்டியிருந்தது என்பது நம் எல்லோருக்கும் தலைகுனிவே.

எனினும் அந்நாட்களில் ஒளியும் இருந்தது. சானடோரியம் மருத்துவமனை கொரோனா நோயாளிகளையும் ஏற்றது. அதே பகுதியிலுள்ள தேசியச் சித்த மருத்துவ நிறுவனத்தின் கபசுரக் குடிநீரை மக்கள் நாடிச் சென்றனர். கிண்டி கிங் நிறுவனத்தில் பரிசோதகர்கள் இரவு பகலாக உழைத்தனர். அடுத்த வீட்டு வாசலில் உணவுப் பொட்டலத்தை வைத்துவிட்டு, மணியடித்து, நாலடி தள்ளி நின்று, "அக்கா, எடுத்துக்கொள்ளுங்கள், மாத்திரை வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று குரல் கொடுத்த எளிய பெண்கள் எத்தனையோ பேர்! அந்த நாலடித் தொலைவு விலகல். அந்தக் குரல் கைவிடாமை. கிறிஸ்தவ அன்பு எனப்படுவது அதுவே.

குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

1918-இல் மாண்டவர்களுக்கு நம் நாட்டில் நினைவுச் சின்னங்கள் காண்பது அரிது. போரில் இறந்தோருக்குத் தூண்கள் உண்டு. காய்ச்சலில் இறந்த கோடிக்கு மேற்பட்டோருக்குக் குடும்ப நினைவுதான் எஞ்சியது, அதுவும் மங்கிவருகிறது. உங்கள் வீட்டு முதியோரிடம் கேட்டுப் பாருங்கள். விஷக்காய்ச்சலில் போன கொள்ளுப்பாட்டி ஒருத்தி, தாயின்றிச் சித்தியிடம் வளர்ந்த பாட்டனார் ஒருவர் என்று ஏதேனும் ஒரு பெயர் கிடைக்கலாம். அதனைக் குடும்ப விவிலியத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கல்லறைத் திருநாளில் அவர்கள் பெயரால் ஒரு திருப்பலி ஒப்புக்கொடுங்கள்.

வாழ்வோருக்குச் செய்யவேண்டியதும் உண்டு. உலகக் காசநோயாளிகளுள் ஏறத்தாழக் கால்பங்கினர் இந்தியாவில் இருக்கின்றனர். 2 வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். முறையாக மருந்துண்டால் நோய் குணமாகும். ஆனால் அண்டை வீட்டாரின் பார்வைக்கு அஞ்சி நோயை மறைப்போர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை மறைக்கச் செய்வது நம் பார்வைதான் என்பதை மறவாதிருப்போம்.

எரிகோவுக்குச் செல்லும் சாலையில் இருவர் விலகிப் போயினர். ஒருவர் நெருங்கி வந்தார். அடுத்த முறை மின்தொடர் வண்டி சானடோரியம் நிலையத்தில் நிற்கும்போது அப்பெயர்ப் பலகையை ஒரு முறை படியுங்கள். அங்கே படுத்திருக்கும் நோயாளிகளுக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். பிறகு உங்கள் தெருவில் இருமிக்கொண்டு தனியே கிடக்கும் ஒருவர் உண்டா என்று பாருங்கள். இருந்தால், முகக்கவசம் அணிந்து, நாலடி தள்ளி நின்றாவது அவரைப் பெயர் சொல்லி அழையுங்கள்.